சூட்டில் திறக்கும் நானோ துளைகள்: பாலிமர் மெல்படலத்தில் துளை அமைப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாடாங் செராய், கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள ஒரு தோட்டப் பட்டணம். ஒரு பக்கம் கித்தா (ரப்பர்) காடும் செம்பனையும் இருக்க, மறுபக்கம் சற்றுத் தொலைவில் 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க் இருக்கிறது. பால் மரம் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே சிலிக்கன் சில்லுகளோடு வேலை செய்கிறார்கள். சிலர் பல்கலைக்கழகங்களில் பொருளறிவியல் படிக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவி, நூறு நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருளின், படலத்தைச் சூடாக்கும்போது அதற்குள் நானோ துளைகள் எப்படி உருவாகின்றன, அவற்றைத் திட்டமிட்டு அமைக்க எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தால் நடுவில் எங்கோ இழை அறுந்துவிடுகிறது என்றும் சொன்னார். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வரிசைதான் இந்த வேலையின் உயிர்

வெப்பம் ஊசியைப் போலப் படலத்தைக் குத்தித் துளையிடுகிறது என்ற எண்ணத்தோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். நடப்பது வேறு. படலத்துக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: கடைசிவரை நிற்கப்போகும் தாங்கு பாலிமர் ஒன்று, சிறிது காலம் இடத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டு வெளியேறப்போகும் துளையாக்கி மற்றொன்று. துளையாக்கி முதலில் சில நானோமீட்டர் அளவுள்ள திட்டுகளாகத் தாங்கு பாலிமரிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். அடுத்து, அந்தத் திட்டுகளைச் சுற்றியுள்ள சுவர் இறுக வேண்டும். அதற்குப் பிறகே துளையாக்கி சிதைந்து, சிறு மூலக்கூறுகளாகி, வெளியே போக வேண்டும். சுவர் இறுகுமுன் துளையாக்கி போய்விட்டால் துளை மூடிக்கொள்ளும். திட்டுகள் பிரியுமுன் சுவர் இறுகிவிட்டால் துளையாக்கி மூலக்கூறு மூலக்கூறாகச் சிதறிக் கிடக்கும்; அது வெளியேறும்போது படலம் சுருங்குமே தவிரத் துளை மிஞ்சாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வரிசையைக் குலையாமல் காப்பதற்கானவையே.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தி இல்லை. என் தாத்தா, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் தோட்டத்துப் புகைக்கூண்டில் வேலை செய்தவர். பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்த ரப்பர்ப் பாலை உருளைகளுக்கு இடையே செலுத்தி, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷீட்டுகளாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, முதல் நாள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தொடங்கி, நான்கு நாள்களில் 60 டிகிரி வரை மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு முதல் நாளே விறகைக் கூட்டினால், உள்ளே இருக்கும் நீர் வெளியே வர நேரமில்லாமல் ஷீட்டுக்குள் கொப்புளமாக நின்றுவிடும். "தண்ணி வெளிய போக நேரம் குடுக்கணும்பா, நெருப்பக் கூட்டிட்டா ஷீட்டுக்கு அம்மை போட்டுரும்" என்பார் தாத்தா. காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத்தான் தரம் பிரிப்பார்கள். கொப்புளம் நிறைந்த ஷீட் முதல் தரத்தில் சேராது. அந்தக் கொப்புளமும் நாம் அமைக்கப்போகும் நானோ துளையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதற்கு இரண்டு இடங்களில் திரும்ப வருவேன். அந்த இரண்டு இடங்களும் தெளிவானால் இந்தத் துறையில் பாதி விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

முதல் படி: மூன்று வெப்பநிலைகளை எழுதிக்கொள்ளுங்கள்

எந்தப் பாலிமரை எடுத்தாலும், வேலையைத் தொடங்குமுன் மூன்று எண்களைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தாங்கு பாலிமர் எந்த வெப்பநிலையில் இறுகுகிறது என்பது ஒன்று. துளையாக்கி எந்த வெப்பநிலையில் சிதைகிறது என்பது இரண்டாவது. இறுகிய தாங்கு பாலிமர் எந்த வெப்பநிலையில் மறுபடியும் இளகும் என்பது மூன்றாவது. அதைக் கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலை என்கிறோம். முதலாவது தாழ்ந்தும், இரண்டாவது நடுவிலும், மூன்றாவது உயர்ந்தும் இருந்தால் வேலை எளிது. இடையே உள்ள இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு நிம்மதி.

மெத்தில் சில்செஸ்குவியாக்சேன் என்ற சிலிக்கன் கலந்த பிசினில் இந்த ஒழுங்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. அது 200 டிகிரியை நெருங்கும்போதே குறுக்குப் பிணைப்புகளால், அதாவது சங்கிலிக்குச் சங்கிலி போடும் வேதிக் கட்டுகளால், இறுகத் தொடங்கும். அதனுள் கலந்த பாலிகேப்ரோலாக்டோன் போன்ற துளையாக்கி அதற்கு மேலேதான் சிதையும். கடைசியில் 400 டிகிரிக்கு மேல் கொண்டுபோனாலும் பிசின் இளகாது.

பாலிஇமைடு என்ற, வெப்பம் தாங்கும் பாலிமரில் நிலைமை வேறு. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடென் ஆய்வு மையத்தில் 1990-களில் இதற்குக் கண்ட வழியை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன். பாலிஇமைடு முழுமையாக உருவாகச் சுமார் 300 டிகிரி தேவை. அதோடு இணைத்த பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு என்ற துளையாக்கியோ, காற்றில் அதைவிடத் தாழ்ந்த சூட்டிலேயே சிதைந்துவிடும். எண்களை மட்டும் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிதைவுக்கு ஆக்சிஜன் துணை வேண்டும். ஆக்சிஜன் இல்லாத மந்த வாயுவில் துளையாக்கி அந்தச் சூட்டையும் தாங்கி நிற்கும். எனவே முதலில் மந்த வாயுவில் சூடாக்கிச் சுவரை இறுக்கினார்கள். பிறகு காற்றை உள்ளே விட்டு, 250 டிகிரியை ஒட்டிய சூட்டில் துளையாக்கியை வெளியேற்றினார்கள். வெப்பநிலை காக்க முடியாத வரிசையை வாயு காத்தது. உங்கள் பொருளில் இடைவெளி குறுகலாக இருந்தால், வெப்பநிலையைத் தவிர வேறு எந்தக் கதவைத் திறந்து மூடலாம் என்று யோசியுங்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் சில்லுக்குள் ஓடும் கம்பிகள். கம்பிகள் நெருங்க நெருங்க, அவற்றுக்கு இடையே உள்ள மின்காப்புப் பொருளின் மின்காப்பு மாறிலி (மின்னூட்டத்தை எவ்வளவு தேக்கிவைக்கும் என்று காட்டும் எண்) குறைய வேண்டியிருந்தது. சிலிக்காவுக்கு அது சுமார் 4; மெத்தில் சில்செஸ்குவியாக்சேனுக்கு 2.8-ஐ ஒட்டி, காற்றுக்கு 1. திடப்பொருளுக்குள் காற்றைக் கலந்தால் மாறிலி இறங்கும். கம்பிகளின் இடைவெளியைவிடக் காற்றுத் துளை மிகச் சிறிதாக இருந்தாக வேண்டும் என்பதால்தான் நானோ அளவு தேவைப்பட்டது.

இரண்டாம் படி: படலத்தைப் பூசுதல், நம் ஊர் ஈரத்தில்

பாலிஸ்டைரீன் போன்ற பாலிமரை டொலுவீனில் 1 முதல் 3 சதவீதம் கரைத்து, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியே செலுத்தி, தூய்மையாக்கிய சிலிக்கன் சில்லின் மேல் விட்டு, நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வேகத்தில் சுழற்றினால், சில பத்து நானோமீட்டரிலிருந்து நூறைக் கடந்த தடிமன் வரை படலம் கிடைக்கும். வடிகட்டுவதைத் தவிர்க்க வேண்டாம். ஒவ்வொரு தூசித் துகளும் பின்னால் ஒரு பெரிய ஓட்டைக்கு விதையாகும். வேலை முழுவதும் புகைபோக்கிப் பெட்டிக்குள் நடக்க வேண்டும்.

மலேசியாவில் வேலை செய்பவர்கள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரம். குளிர் நாட்டில் எழுதப்பட்ட செய்முறைகள் இதைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றன. நம் ஊரில் மழைக்காலத்துக் காலைப்பொழுதில் சார்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுவது வழக்கம். 61 டிகிரியிலேயே கொதிக்கும் குளோரோஃபாம் போன்ற விரைந்து ஆவியாகும் கரைப்பானைப் பயன்படுத்தினால், அது ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நுண்ணிய துளிகளாகப் படியும். துளிகள் ஒழுங்காக அடுக்கி நிற்க, அவற்றைச் சுற்றிப் பாலிமர் உறைந்துவிடும். நீர் உலர்ந்ததும் தேன்கூடு போன்ற குழிகள் மிஞ்சும். 1994-இல் பெர்னார் பிரான்சுவாவின் குழுவினர் நட்சத்திர வடிவப் பாலிஸ்டைரீனில் இதை வெளிப்படுத்தினார்கள். அது தன்னளவில் அழகான முறைதான். ஆனால் அந்தக் குழிகள் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவினவை, சூடேற்றுமுன்பே வந்துவிடுபவை. அவற்றைச் சூட்டினால் வந்த துளை என்று எண்ணி ஆய்வைத் தொடர்ந்தால் எல்லாக் கணக்கும் பிழையாகும். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் சுழற்றுங்கள். சூடேற்றுமுன் ஒவ்வொரு மாதிரியையும் நுண்ணோக்கியில் பார்த்துப் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: உலர்த்துதல்

புகைக்கூண்டோடு ஒத்துப்போகும் முதல் இடம் இதுதான். ஒரு சிறு மூலக்கூறு பொருளுக்குள் ஊர்ந்து வெளியே வர ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. 3 மில்லிமீட்டர் ஷீட்டை 100 நானோமீட்டர் படலத்தோடு ஒப்பிட்டால் தடிமன் 30,000 மடங்கு; நேரமோ 90 கோடி மடங்கு. தாத்தாவின் ஷீட்டுக்கு நான்கு நாள் பிடித்ததற்கும், நம் படலத்துக்கு நிமிடங்களே போதுமானதற்கும் காரணம் இந்த வர்க்கக் கணக்கு.

இளகிய பாலிமரில் கரைப்பான் மூலக்கூறின் பரவல் கெழு (அது எவ்வளவு விரைவாக ஊர்ந்து பரவும் என்று காட்டும் எண்) நொடிக்குச் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 நானோமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடி போதும். அதே பாலிமர் கண்ணாடி நிலையில் விறைத்திருந்தால் கெழு ஒரு லட்சம் மடங்கு குறையலாம். அப்போது அதே தூரத்துக்கு நூறு நொடி ஆகும். டொலுவீனின் கொதிநிலை 110.6 டிகிரி, பாலிஸ்டைரீன் இளகும் வெப்பநிலை சுமார் 100 டிகிரி. ஆகவே வெற்றிட அடுப்பில் 60 முதல் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு மேலே போவது பாதுகாப்பானது. நூறு நானோமீட்டர்தானே என்று எண்ணி நேராக 180 டிகிரித் தட்டில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். அந்த மாதிரிக்கு என்ன நேர்ந்தது என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

நான்காம் படி: திட்டுகள் பிரிதல்

இரண்டு பாலிமர்களை வெறுமனே கலந்து சூடாக்கினால் அவை எண்ணெயும் நீரும் போலப் பிரியும். பிரிந்த திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்து மைக்ரோமீட்டர் அளவை அடையும்வரை நிற்காது. நானோ அளவிலேயே அவற்றை நிறுத்த என்ன வழி? இரண்டு சங்கிலிகளையும் ஒரு வேதிப் பிணைப்பால் முனையோடு முனையாகக் கட்டிவிடுவதுதான் வழி. இப்படிப்பட்டவை பிளாக் கோபாலிமர்கள். பாலிஸ்டைரீனும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டும் இப்படி இணைந்திருந்தால், ஒன்றைவிட்டு ஒன்று விலக விரும்பினாலும் சங்கிலியின் நீளத்துக்கு மேல் விலக முடியாது. அதனால் திட்டின் அளவைச் சங்கிலியின் நீளமே முடிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, மெத்தாக்ரிலேட்டின் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால், அது பாலிஸ்டைரீனுக்குள் உருளைகளாக, அறுகோண ஒழுங்கில் அமையும். மோலார் நிறை (சங்கிலி எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவு) மோலுக்கு 70,000 கிராமை நெருங்கும் சங்கிலிகளில் அந்த உருளைகளின் விட்டம் 20 நானோமீட்டர் அளவில் இருக்கும்.

இந்த ஒழுங்கு பூசியவுடன் முழுமையாக வராது. சங்கிலிகள் அசைய வேண்டுமானால் இரண்டு பாலிமரும் இளகியிருக்க வேண்டும். ஆகவே வெற்றிடத்தில் அல்லது நைட்ரஜனில் 170 முதல் 190 டிகிரி வரை சில மணி நேரமோ ஒரு நாளோ வைத்திருக்க வேண்டும். இங்கே வெப்பத்தின் வேலை சங்கிலிகளுக்கு நடமாட்டம் கொடுப்பது மட்டுமே. எதையும் சிதைப்பது அன்று.

வெறும் சிலிக்கன் சில்லின் மேல் வைத்தால், சில்லின் மேற்பரப்பு மெத்தாக்ரிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உருளைகள் நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிடும். படுத்த உருளை வடிகட்டியாகப் பயன்படாது. இரண்டு பாலிமரையும் ஒரே மாதிரி நடத்தும் நடுநிலைப் பூச்சு ஒன்றை முதலில் சில்லில் வேரூன்றச் செய்து, அதன் மேல் படலத்தைப் பூசினால் உருளைகள் நிமிரும் என்பதை மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராசல், ஐபிஎம்மின் ஹாக்கர் ஆகியோரின் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் காட்டினார்கள். பிறகு புற ஊதாக் கதிரால் மெத்தாக்ரிலேட்டைச் சிதைத்து, அதே கதிரால் பாலிஸ்டைரீனைக் குறுக்குப் பிணைத்து, அசெட்டிக் அமிலத்தால் கழுவினால் நிமிர்ந்த துளைகள் கிடைக்கும். இந்த வழியில் பிரிப்பது வெப்பத்தின் பங்கு. வெளியேற்றுவது கதிரின் பங்கு.

துளையாக்கியைப் பிசினில் கலக்கும் மற்ற வழியில், துளையாக்கியின் அளவைக் கூட்டினால் துளையின் பங்கு கூடும். ஆனால் 20, 30 சதவீதத்தைத் தாண்டும்போது தனித்தனித் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து சுரங்கம் போல ஆகத் தொடங்கும். மின்காப்புக்கு அது குறை. வடிகட்டிக்கு அதுவே தேவை.

ஐந்தாம் படி: சுவரை இறுக்குதல்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இறுகும் பிசினானால், குறுக்குப் பிணைப்பு நடக்கும் வெப்பநிலையில் ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள். இறுகாத பாலிமரானால், கதிரால் பிணையுங்கள். இரண்டும் இயலாவிட்டால், துளையாக்கி வெளியேறும் வெப்பநிலை அந்தப் பாலிமர் இளகும் வெப்பநிலைக்குக் கீழே இருக்கும்படி துளையாக்கியை மாற்றுங்கள். இறுகியதா என்று அறிய எளிய சோதனை: சில்லின் ஓரத்தில் ஒரு துளி கரைப்பானை வையுங்கள். அந்த இடம் கரைந்து நிறம் மாறினால் இன்னும் இறுகவில்லை.

மெல்படலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. கெடி, ஜோன்ஸ், கோரி ஆகிய மூவரும் 1994-இல் அளந்து காட்டியபடி, சிலிக்கன் மேல் உள்ள பாலிஸ்டைரீன் படலம் சுமார் 40 நானோமீட்டருக்குக் கீழே மெலியும்போது அது இளகும் வெப்பநிலையும் இறங்குகிறது. 10 நானோமீட்டரில் அந்த இறக்கம் 20 டிகிரிக்கும் மேல். புத்தகத்தில் உள்ள எண் கட்டியான பாலிமருக்கு உரியது. மிக மெல்லிய படலத்தில் அந்த எண்ணை நம்பி விளிம்புவரை சூடேற்ற வேண்டாம்.

ஆறாம் படி: துளையாக்கியை வெளியேற்றுதல்

நிமிடத்துக்கு 1 முதல் 5 டிகிரி வீதம் மெதுவாக ஏற்றுங்கள். துளையாக்கி ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் சிதையும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் 300 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில் பாசிமணிக் கயிறு அறுந்ததுபோலத் தன் ஒற்றை மூலக்கூறுகளாக உதிரும். அவை சிறியவை என்பதால் எளிதில் வெளியேறும். மாறாக, சிதையும்போது கரியை விட்டுச்செல்லும் பொருள் துளையாக்கிக்கு ஏற்றதன்று.

சூட்டை மிக வேகமாக ஏற்றினால் எல்லாத் துளையாக்கியும் ஒரே நேரத்தில் வாயுவாகும். அது சுவர் வழியே ஊர்ந்து வெளியேறும் வேகத்தைவிட உருவாகும் வேகம் கூடிவிடும். உள்ளே அழுத்தம் ஏறி, துளைகள் தம் திட்டின் அளவைத் தாண்டி ஊதிவிடும் அல்லது சுவர் கிழியும். தாத்தா சொன்ன அம்மை இங்கேயும் போடும். மெல்லிய படலத்தில் வெளியேறும் தூரம் குறைவு என்பதால் அந்த ஆபத்து குறைவு. தடிமன் மைக்ரோமீட்டரைத் தாண்டும்போது வர்க்கக் கணக்கு மறுபடியும் நம்மை மறித்து நிற்கும்.

ஏழாம் படி: திறந்த துளை ஏன் மூடுகிறது என்று அறிதல்

ஷீட்டின் கொப்புளமும் நானோ துளையும் பிரியும் இடம் இது. புகைக்கூண்டில் ஒருமுறை வந்த கொப்புளம் போவதில்லை. நானோ துளையோ தானாக மூடிக்கொள்ளத் துடிக்கிறது. காரணம் மேற்பரப்பு இழுவிசை. ஒரு குமிழின் சுவரை உள்நோக்கித் தள்ளும் அழுத்தம், இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இளகிய பாலிஸ்டைரீனின் இழுவிசை மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கொப்புளத்தில் ஏறக்குறைய இதே இழுவிசையை வைத்துக் கணக்கிட்டால் அழுத்தம் 60 பாஸ்கல். ஊதினால் அசையும் காற்று அளவு. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் அதே கணக்கு 60 லட்சம் பாஸ்கலைத் தருகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 60 மடங்கு. காரின் டயரில் நாம் அடிப்பது இரண்டு வளிமண்டலத்தை ஒட்டித்தான்.

இவ்வளவு அழுத்தத்தையும் தாங்கி நிற்பது சுவரின் விறைப்பு ஒன்றே. கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலையில் பாலிமரின் பாகுமை (வழிந்தோட அது காட்டும் தடை) ஒரு லட்சம் கோடி பாஸ்கல் நொடி என்பது வழக்கமான மதிப்பு. அந்தப் பாகுமையில் 10 நானோமீட்டர் துளை மூட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்கு மேல் சில பத்து டிகிரி ஏறி, பாகுமை ஒரு லட்சம் பாஸ்கல் நொடிக்கு இறங்கிவிட்டால், அதே துளை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மூடிவிடும். ஒரு வாரத்துக்கும் கண் இமைக்கும் நேரத்துக்கும் இடையே உள்ளது அந்தச் சில பத்து டிகிரிதான். கைப்பேசி மின்கலத்தில் இதையே பாதுகாப்பாகப் பயன்படுத்துகிறார்கள்: மின்முனைகளைப் பிரிக்கும் பாலிஎத்திலீன் சவ்வின் துளைகள் 130 டிகிரியை ஒட்டி உருகி மூடி, அயனி ஓட்டத்தை நிறுத்துகின்றன.

படலத்தை முழுதாக ஊடுருவும் ஓட்டைகளுக்கு வேறு விதி. ஓட்டையின் அகலம் படலத்தின் தடிமனைவிடக் கணிசமாகச் சிறிதாக இருந்தால் அது மூடும். பெரிதாக இருந்தால் விரியும். பாலிஸ்டைரீன் படலம் சிலிக்கன் மேல் சூடாகும்போது இப்படி ஓட்டைகள் விரிந்து, கடைசியில் படலமே துளிகளாக உடைந்துபோவதைக் குந்தர் ரைட்டர் 1992-இல் விரிவாகக் காட்டினார்.

நான் முன்பு சொன்ன மாதிரிக்கு நேர்ந்ததும் இதுவே. சரியாக உலர்த்தாத படலத்தை 180 டிகிரித் தட்டில் வைத்தேன். பத்து நிமிடத்தில் அதன் ஊதா நிறம் அங்கங்கே வெளிறியது. நுண்ணோக்கியில் வட்ட வட்டமாக ஓட்டைகள் தெரிந்தன; நானோ துளைகள் கிடைத்துவிட்டன என்று இரண்டு வாரம் நம்பியிருந்தேன். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசி அவற்றின் மேல் ஓடியபோது உண்மை தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டையின் அடியிலும் வெறும் சிலிக்கன். ஓட்டையைச் சுற்றி, வயலில் வெட்டிய மண்ணை வரப்பில் போட்டதுபோல, விலகிய பாலிமர் மேடாக நின்றது. விட்டம் பல மைக்ரோமீட்டர். ஒளி நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்ததாலேயே அது நானோ துளை இல்லை என்று அன்றே உணர்ந்திருக்க வேண்டும். 20 நானோமீட்டர் துளை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. எந்த ஒளி நுண்ணோக்கியிலும் தெரியாது. விரிந்த ஓட்டையின் ஓரத்தில் வரப்பு இருக்கும். துளையாக்கி விட்டுச்சென்ற துளையின் ஓரத்தில் இருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் பல வாரங்கள் மிச்சமாகும்.

எட்டாம் படி: குளிர்வித்தலும் அளத்தலும்

மெதுவாகக் குளிரவிடுங்கள். பாலிமர் சிலிக்கனைவிடப் பல மடங்கு சுருங்கும் என்பதால், திடீரென்று குளிர்ந்தால் படலம் விரிசல் காணும்.

முதல் அளவீடு உங்கள் கண். சிலிக்கன் மேல் உள்ள மெல்லிய படலம் தடிமன் கூடக்கூடப் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறும். சூட்டுக்குப் பின் நிறம் சற்றே இறங்கி, சில்லு முழுவதும் சீராக இருந்தால் நல்ல அறிகுறி. இன்ன காரணத்தால் மாறியது என்று நிறம் மட்டும் சொல்லாது: துளை வந்தால் ஒளிவிலகல் எண் குறையும்; துளை மூடினால் தடிமன் குறையும்; இரண்டும் நிறத்தை ஒரே திசையில்தான் நகர்த்தும்.

அவற்றைப் பிரித்துக் காட்டுவது, படலத்தில் ஒளியைத் தெறிக்கவிட்டு அளக்கும் எலிப்சோமீட்டர் என்ற கருவி. அது தடிமனையும் விலகல் எண்ணையும் தனித்தனியே தரும். பாலிஸ்டைரீனின் விலகல் எண் 1.59. அதில் 30 சதவீதம் காற்று புகுந்தால், லோரன்ட்ஸ்-லோரன்ஸ் கணக்கின்படி 1.39-க்கு இறங்கும். தடிமன் ஏறக்குறைய அப்படியே நிற்க, எண் மட்டும் இறங்கியிருந்தால் துளை நிற்கிறது என்று பொருள். தடிமன் 30 சதவீதம் குறைந்து, எண் 1.59-லேயே இருந்தால் துளையாக்கி போன இடமெல்லாம் மூடிவிட்டது என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டும் பாதி பாதியாக இருந்தால் சூட்டேற்றத்தின் வேகத்தைப் பாருங்கள். துளையின் வடிவத்தை அறிய, சில்லை வைர முனையால் கீறி உடைத்து, உடைந்த பக்கத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். மேற்பரப்பில் துளை தெரிந்தாலும் உள்ளே தொடர்கிறதா என்பதை அந்த வெட்டுமுகம்தான் சொல்லும்.

மின்காப்பு மாறிலியை அளப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. துளைகள் திறந்திருந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அவற்றுக்குள் புகுந்து தங்கும். நீரின் மாறிலி அறை வெப்பநிலையில் சுமார் 80. காற்றுக்காகத் திறந்த இடத்தில் சிறிதளவு நீர் புகுந்தாலும் இத்தனை பாடுபட்டு இறக்கிய எண் மறுபடியும் ஏறிவிடும். மாதிரியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். அளக்குமுன், சுவர் இளகாத பொருளானால், 120 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்தி, உலர்ந்த நைட்ரஜனிலேயே குளிரவிட்டு, அந்த ஓட்டத்தை நிறுத்தாமல் மின்முனையை வைத்து அளவெடுங்கள்.